லைவ் டிரம்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு சாம்பிளை (முன்பே பதிவு செய்து வைத்த ரெடிமேட் சத்தத்தை) ஒட்டித் தருகிறார்கள், கவனம்

சென்னையில் பேண்ட் வைத்திருப்பவர்கள், டிரம்ஸை லைவாக ரெக்கார்ட் பண்ண நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஸ்டுடியோ பெயர் வேண்டாம்.

விளம்பரப் படத்தில், காலால் மிதித்து அடிக்கிற பெரிய கிக் டிரம்முக்குள், அதற்கென்றே பெயர்போன ஏகேஜி டி112 மைக் இருந்தது. அதைப் பார்த்துத்தான் புக் செய்தோம். கால்ஷீட் அன்று போனால், பாடகர்கள் கையில் பிடிக்கிற சாதாரண மைக் ஒன்று கிக்குக்கு வெளியே, முன்பக்க ஸ்கின்னுக்கு எதிரே நிற்கிறது. அந்த ஸ்கின்னில் ஓட்டையும் இல்லை. "அந்த மைக் சர்வீஸுக்குப் போயிருக்கு சார், மிக்ஸிங்ல பாத்துக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

மிக்ஸிங்கில் என்னத்தைப் பார்ப்பது? மிதிக்கும்போது ஸ்கின்னில் மோதுகிற சுத்தியல் (பீட்டர்) படும் அந்த 'டக்' வேண்டுமென்றால், ஓட்டை வழியாக மைக்கை உள்ளே விட்டு, அடிபடும் ஸ்கின்னுக்குச் சில அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். வெளியே இழுக்க இழுக்க 'டக்' குறைந்து 'தும்' கூடும். மூடிய ஸ்கின்னுக்கு வெளியே வைத்தும் எடுப்பார்கள், ஜாஸுக்கு அது அழகு. எங்களுடையது ராக். அதிர்வை அடக்க உள்ளே ஒரு தலையணைகூட இல்லை. ட்யூன் பண்ண டிரம்மர் கீயை எடுத்ததும் "டைம் ஓடுது" என்று கடிகாரத்தைக் காட்டினார்கள். ஓடியது எங்கள் காசு!

மிக்ஸ் வந்தது, கிக் கும்மென்று இருந்தது. டிரம்மர்தான் முகம் சுளித்தான். மெதுவாக மிதித்த இடமும் ஓங்கி மிதித்த இடமும் ஒரே கனத்தில் விழுகின்றன, இது என் கால் இல்லை என்றான். ட்ராக்குகளைத் தனித்தனியாகக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம். சரி என்று கொடுத்து வாங்கினோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கிக்கின் ஒவ்வொரு அடியும் அதே அலைவடிவம். சிம்பலும் கிக்கும் சேர்ந்து விழுகிற இடத்தில்கூட சிம்பல் சத்தம் துளியும் ஒழுகவில்லை. மைக் வைத்து எடுத்த கிக்கில் அப்படி வராது.

சாம்பிள் சேர்ப்பது குற்றமில்லை, பலரும் செய்வதுதான். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இவர்கள் லைவ் கட்டணமும் வாங்கி, பில்லில் "டிரம் எடிட்டிங்" என்று தனி வரியும் போட்டிருந்தார்கள்.

மைக்கில் பதிவான ஒரிஜினல் கிக்கை ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசைச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) வைத்துத் தேற்றப் பார்த்தோம். 300, 400 ஹெர்ட்ஸைக் குறைத்ததும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் கொஞ்சம் அடங்கியது. 'டக்'குக்காக 4000 பக்கம் ஏற்றினால் சிம்பல்தான் மேலே வந்தது. பதிவாகாததை ஈக்யூ எங்கிருந்து கொண்டுவரும்?

கிக்குக்கு என்ன மைக், ஸ்கின்னில் ஓட்டை உண்டா, ட்யூன் பண்ணும் நேரத்துக்கு வாடகையா, ட்ராக்குகள் 24 பிட் வேவ் ஃபைலாகக் கைக்கு வருமா என்று முன்பே கேட்டு, பதிலை வாட்ஸப்பில் வாங்கிவிடுங்கள். அப்புறம், டிரம்ஸுக்கு மேலே வைக்கிற ஓவர்ஹெட் மைக்குகளோடு சேர்த்துக் கேட்டபடி, ஒலி அலையைத் தலைகீழாக்குகிற கிக் சேனலின் ஃபேஸ் பட்டனை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அடிச்சத்தம் எதில் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று முழிக்கிற இன்ஜினியராக இருந்தால் இடத்தைக் காலி பண்ணுங்கள்.

எடிட்டிங் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். ஓனர் ஊரில் இல்லை என்கிறார்கள்.