சாட்டா முதல் ஓசி-192 வரை: வேக மாற்றிகளை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

ஒரு பக்கம் சாட்டா, யுஎஸ்பி, ஸ்கசி என டிஸ்க் போன்ற சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் முறைகள். மறுபக்கம் ஓசி-3, ஓசி-48, எஸ்டிஎம்-64 என ஒளியிழைத் தொலைத்தொடர்பு இணைப்புகளின் வேகத் தரங்கள். இரண்டைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றின் வேகம் மற்றதில் எத்தனை மடங்கு என்று விடை வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் இத்தகைய வேக மாற்றிகளை வேலைக்காக அடிக்கடி திறப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: அவற்றின் பெருக்கல் தப்புவதில்லை, பெருக்க எடுக்கும் எண்தான் தப்புகிறது.

ஒளியிழைக் குடும்பத்துக்குள் மட்டும் மாற்றினால் குறை சொல்ல இடமில்லை. ஓசி-1 என்பது 810 பைட் ஃபிரேம் (ஒரே கட்டாகப் போகும் டேட்டா), நொடிக்கு 8,000 முறை; ஆக நொடிக்கு 51.84 மெகாபிட். மற்றதெல்லாம் இதன் நேர் மடங்கு. ஓசி-3, எஸ்டிஎம்-1 இரண்டும் 155.52. ஓசி-192, எஸ்டிஎம்-64 இரண்டும் 9953.28. இங்கே தசமப் புள்ளி வரை நம்பலாம்.

ஸ்டோரேஜ் பக்கம் வந்ததும் கதை மாறுகிறது. சாட்டா 3-இன் 6 ஜிகாபிட் என்பது கம்பியில் ஓடும் மொத்த பிட். 8பி/10பி என்கோடிங்கில் (பிட்களைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றி எழுதும் முறை) ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் செலவாகிறது. கைக்கு வருவது நொடிக்கு 600 மெகாபைட். மாற்றியோ கூசாமல் 8-ஆல் வகுத்து 750 என்கும். ஈதர்நெட்டில் பெயர் வைத்த முறையே வேறு: 10 ஜிகாபிட் என்பது என்கோடிங் போக மிஞ்சும் வேகம், இழையில் ஓடுவது 10.3125 ஜிகாபாட் (பாட் என்பது நொடிக்கு அனுப்பும் சிக்னல் குறிகளின் எண்ணிக்கை, இங்கே குறிக்கு ஒரு பிட்). ஓசி வேகங்களை வகுத்த தரமான சோனெட்டில் சொல்லும் எண்ணுக்குள் ஓவர்ஹெட்டும் (நிர்வாகத் தகவல்) அடக்கம், ஓசி-48சி-யின் (முழுவதும் ஒரே ஓடையாகப் பயன்படும் ஓசி-48) 2488.32-இல் பேலோடுக்கு, அதாவது உள்ளே சுமக்கும் டேட்டாவுக்கு, கிடைப்பது 2396.16 மெகாபிட். ஸ்டோரேஜுக்கென்றே உள்ள நெட்வொர்க்கான ஃபைபர் சேனலில் '8ஜி' என்பது வெறும் தலைமுறைப் பெயர் மாதிரிதான்: லைன் ரேட் (இழையில் ஓடும் மொத்த வேகம்) 8.5 ஜிகாபாட், கணக்கில் எடுக்க வேண்டியது ஒரு திசைக்கு 800 மெகாபைட். 16ஜி-யில் 14.025 ஜிகாபாட்தான், ஆனாலும் 1600 மெகாபைட் வரும், ஏனென்றால் அங்கே என்கோடிங் 64பி/66பி-க்கு (64 பிட்டுக்கு 66 பிட் மட்டும் செலவு) மாறிவிட்டது. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் பழைய பேரலல் வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. அல்ட்ரா-320 ஸ்கசி, ஏடிஏ-133 எல்லாம் பெயரிலேயே மெகாபைட்.

இது எவ்வளவு இடிக்கும் என்று பார்க்க, சாட்டா 3-ஐ ஓசி-48-ஆக மாற்றுங்கள். மாற்றி தரும் விடை 2.41. உண்மையில் 600 மெகாபைட்டை 299.5-ஆல் (பேலோடான 2396.16 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தது) வகுக்க வேண்டும். 2-க்கு ஒரு நூலிழை மேலே. ஓசி-48 வழியே 2 டெராபைட் நகர்த்த, மாற்றியின் எண்ணை வைத்தால் 1 மணி 47 நிமிடம். பேலோடு வேகத்தில் 1 மணி 51. அதன்மேல் 1500 பைட் பாக்கெட்டுகளின் பிபிபி, ஐபி, டிசிபி ஹெட்டர்களையும் (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் நெட்வொர்க் தகவல்கள்) கழித்தால் 1 மணி 56 நிமிடத்தை நெருங்கும். நள்ளிரவுக்குள் முடிய வேண்டிய பேக்கப் என்றால் இந்த 9 நிமிடம் சின்ன விஷயமில்லை.

10 ஜிகாபிட் ஈதர்நெட்டிலும் இதே கதைதான். 6-க்கு 10 என்று பார்த்தால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி லிங்க்கில் 60 சதவீதம் பிடிக்கும் போலத் தெரியும். 1500 எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச பைட் அளவு) ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வயரில் 1538 பைட் ஓடுகிறது, அதில் ஃபைல் டேட்டா 1448 மட்டும். எனவே லிங்க்கின் உண்மையான கொள்ளளவு 1177 மெகாபைட். எஸ்எஸ்டி தொடர்ந்து தருவது 550 அளவில். 47 சதவீதம்; இரண்டு எஸ்எஸ்டி தாராளமாக ஓடும். எம்டியூவை 9000 ஆக்கினால் 1237 வரை போகும், ஆனால் வழியிலுள்ள எல்லா ஸ்விட்ச்சும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கணினியின் பிசிஐஇ பாதைகளில் நேரடியாக இணையும் என்விஎம்இ எஸ்எஸ்டி-க்கு மாற்றி தேவையே இல்லை, பிசிஐஇ 3.0 எக்ஸ்4 (நான்கு பாதை) என்றால் 3.94 ஜிகாபைட், அதாவது 31.5 ஜிகாபிட். 25ஜி ஈதர்நெட்டில் அடங்காது, 40ஜி-யில் அடங்கும். 100ஜி நெட்வொர்க் கார்டை 3.0 எக்ஸ்8 ஸ்லாட்டில் செருகிவிட்டு இழையைக் குறை சொல்பவர்களும் உண்டு. அந்த ஸ்லாட்டே 63 ஜிகாபிட்தான்.

அடுத்த குழப்பம் 1000-மா 1024-ஆ என்பது. விண்டோஸ் 'மெகாபைட்' என்று காட்டுவது உண்மையில் மெபிபைட் (1024 × 1024 பைட்). மேலே சொன்ன 1177 அங்கே 1122 என்று தெரியும். லிங்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 இன்னும் வேடிக்கை: அனுப்பிய அளவை 1024 கணக்கிலும், பிட் வேகத்தை 1000 கணக்கிலும் ஒரே வரியில் காட்டும். ஒன்றிலிருந்து மற்றதைச் சரிபார்க்கப் போனால் கணக்கு இடிக்கும். டிஸ்க் வேகம் அளக்கும் ஃபியோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறது, அந்த வகையில் நல்ல பிள்ளை.

ஆகவே மாற்றியை ஓசி-எஸ்டிஎம் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக்கொள்வது மேல். லைன் ரேட், என்கோடிங் விகிதம், ஹெட்டர் விகிதம், இவற்றைப் பெருக்கி வரும் மெகாபைட்: நான்கு நெடுவரிசை போதும்.

தூரத்தை மட்டும் எந்த மாற்றியும் கேட்பதில்லை. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ நொடி. 1,000 கிலோமீட்டர் என்றால் போய்த் திரும்ப 10 மில்லி நொடி. 10 ஜிகாபிட் லிங்க்கை நிரப்ப 12.5 மெகாபைட் டிசிபி விண்டோ (பதில் வரும் முன் அனுப்பிவைக்கக்கூடிய டேட்டா) வேண்டும். அதைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் அணைந்து 64 கிலோபைட்டிலேயே நின்றால், எத்தனை ஜிகாபிட் வாங்கினாலும் ஒரு கனெக்‌ஷனுக்கு நொடிக்கு 6.5 மெகாபைட்தான். ஃபைபர் சேனலில் இதே வேலையைச் செய்வது பஃபர் கிரெடிட் (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய ஃபிரேம்களின் எண்ணிக்கை). முழு அளவு ஃபிரேம்களுக்கு 8ஜி-யில் கிலோமீட்டருக்கு 4 வீதம், 50 கிலோமீட்டருக்கு 200 வேண்டும். ஃபிரேம் சிறுத்தால் இன்னும் கூடும். போர்ட்டில் 8 கிரெடிட்டை அப்படியே விட்டால் 2 கிலோமீட்டர் தாண்டியதும் வேகம் விழத் தொடங்கும், லாகில் எர்ரர் எதுவும் இல்லாமலே.