காரைக்குடிப் பக்கம் 'லேக் கேம்பிங்' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்கரையில் கூடாரம், தூண்டில், ராத்திரிச் சாப்பாடு, பிடிக்கிற மீன் நமக்கே, ஆளுக்கு 1,800 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. நம்பிப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் குடும்பத்தோடு போய் நடு ராத்திரியில் திரும்பி வந்தோம்.

அனுப்பிய படத்தில் கலுங்கு தாண்டித் தண்ணீர் போகிறது, மரமெல்லாம் நாரை. போனது ஏப்ரலில். இவர்கள் ஏரி என்பது மழையை நம்பிய கண்மாய்தான், ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் நிரம்பும், சித்திரைக்கு மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொஞ்சம் கிடக்கும், அவ்வளவுதான். அது தெரிந்தேதான் மழைக்காலப் படத்தைக் காட்டி விற்கிறார்கள். கூடாரத்தின் ஜிப் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருந்தது. கழிவறை எங்கே என்று அக்கா கேட்டதற்கு, அங்கிருந்த பையன் சீமைக்கருவேலங்காட்டைக் கை காட்டினான். மீதிப் பணத்தை மட்டும் வந்து இறங்கியதுமே வாங்கிக்கொண்டான்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். தூண்டிலைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கரை மேல் இரண்டு பைக் வந்து நின்றது. "யாரைக் கேட்டுத் தம்பி தூண்டி போடுறீக? கம்மாயை ஏலத்துல எடுத்து மீன்குஞ்சு விட்டிருக்கேன்" என்று ஒருவர் ரசீதை நீட்டினார். அவர் கோபம் நியாயம். சின்னக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்கு, பெரியது நீர்வளத்துறைக்குச் சொந்தம், ஆனால் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவருக்குத்தான் மீன். கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா வைத்து ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊரே இறங்குமே, அது ஊர் கூடி முடிவு செய்வது. இந்த கேம்ப்காரருக்கு அந்தக் கரையில் எந்த உரிமையும் கிடையாது, அடுத்தவர் மீனை நமக்கு விற்றிருக்கிறார். போன் போட்டால் முதலில் எடுக்கவில்லை, பிறகு சுவிட்ச் ஆஃப். பையனையும் காணோம்.

பறவைதான் பார்க்க வேண்டும் என்றால் மழை முடிந்ததும் வேட்டங்குடிக்குப் போங்கள். 1977 முதல் சரணாலயம், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்கள். மீன் பிடிக்க ஆசையென்றால், யார் குத்தகை என்று ஊரில் விசாரித்து அவரிடமே நேரில் பேசுங்கள்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த விளம்பரம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு, குன்றக்குடிப் பக்கம் வேறொரு கண்மாய்ப் படத்தைப் போட்டு ஓடுகிறது.