குண்டு பல்பா, சிவப்பு பல்பா, கரியா, அடைக்கோழியா?

இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் நாலைந்து துவண்டுவிட்டால், பலரும் நேரே மருந்துக் கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்குகிறார்கள். முதல் வாரத்துச் சோர்வுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கிருமியை அல்ல, சூட்டைத்தான். பொரித்த குஞ்சுக்கு முதல் பத்துப் பன்னிரண்டு நாள் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. புரூடருக்குள், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டிக்குள், முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அந்தச் சூட்டை எதைக் கொண்டு தருகிறோமோ, அதற்கென்று ஒரு சீக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

குண்டு பல்பு மலிவு, பழுதானாலும் உடனே மாற்றிவிடலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால் 50 குஞ்சுக்கு 100 வாட். ஆனால் ஒற்றை 100 வாட் பல்பைத் தொங்கவிடாதீர்கள், இரண்டு 60 வாட் பல்பு போடுங்கள். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றொன்று எரியும். ஒற்றைப் பல்பு அணைந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அண்டும், அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். காலையில் தட்டையாகக் கிடக்கும் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு நோய் வந்துவிட்டது என்று பதறுகிறார்கள். கழிச்சல் இல்லை, மிச்சக் குஞ்சுகள் துள்ளுகின்றன, செத்தவை எல்லாம் ஒரே மூலையில் என்றால் அது குளிர் செய்த வேலை. எல்இடி பல்பு இதற்கு உதவவே உதவாது. பெட்டி பளிச்சென்று இருக்கும், குஞ்சு விறைத்துப் போகும்.

சிவப்பு பல்பு, அதாவது இன்ஃப்ராரெட், காற்றைவிடத் தன் ஒளி விழும் இடத்தைத்தான் சுடவைக்கும். அதனால் காற்றோட்டம் தாராளமாக விடலாம். சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். குஞ்சுகளைச் சுற்றித் தகட்டாலோ அட்டையாலோ பெரிய வளையம் போட்டு நூறு குஞ்சுக்கு மேல் விடுகிறவர்களுக்கு இதுதான் சிறந்தது. இருபது குஞ்சுள்ள அட்டைப்பெட்டிக்குள் 250 வாட் பல்பை இறக்கினால் குஞ்சு ஒதுங்க இடமே இருக்காது. இறக்கையை விரிக்கும், வாயைத் திறந்து இரைக்கும், தண்ணீர்ச்சத்து வற்றிக் கால் தோல் சுருங்கும், ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பைப் பிய்த்து எடுக்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். குளிரிலும் இந்த அடைப்பு வரும். ஆகவே பல்பை ஏற்றுவதா இறக்குவதா என்பதைக் குஞ்சுகள் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை, ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது, பரவலாக இருந்தால் சரி. சித்திரை வைகாசிப் பகலில் நம் ஊர்ச் சூடே 95 டிகிரியைத் தாண்டும், அப்போது எந்தப் பல்பும் வேண்டாம். இன்னொன்று, இந்தப் பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள். கழன்று உமிமேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

கரியை மின்வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் குஞ்சுகள் சத்தமில்லாமல் தூங்குவதுபோலவே செத்துவிடும், உள்ளே போகிற ஆளுக்கும் ஆபத்து. கையில் காசிருந்தால் கரியை விட்டுவிட்டு இன்வெர்ட்டரில் இரண்டு பல்பை இணைப்பதே மேல். கேஸ் புரூடர் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளுக்கானது.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுதான் என்றால் அடைக்கோழியை எந்த பல்பும் மிஞ்ச முடியாது. சூடு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கொத்தித் தின்னவும் அதுவே கற்றுக்கொடுக்கும். இன்குபேட்டர் குஞ்சையும் ஓரிரு நாளைக்குள், இருட்டிய பிறகு அதன் அடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் துவண்ட குஞ்சுக்கு அடைக்கோழி ஆகாது. ஓடியாடும் குஞ்சுகளோடு தாய் நகர்ந்துவிடும், எழ முடியாதது பின்தங்கிக் குளிரில் கிடக்கும். கோழியின் பேனும் குஞ்சுக்கு ஏறும், பருந்து கீரி பயம் வேறு. துவண்டதைத் தனியே பல்படியில் வைத்துத் தேற்றி, ராத்திரி தாயிடம் சேர்ப்பதே நல்லது.

எந்த முறையானாலும், சோர்ந்த குஞ்சை முதலில் கையில் எடுத்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் தீவனமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், முதலில் சூடு. துவண்டு கிடக்கும்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தலை தூக்கிய பிறகு வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீரிலோ கருப்பட்டித் தண்ணீரிலோ அலகு நுனியை நனைத்தால் தானே குடிக்கும். குளிரும் வறட்சியும்தான் காரணம் என்றால் அன்றைக்கே எழுந்து நிற்கும். கால் இரண்டு பக்கமும் பரப்பிக்கொண்டு எழ முடியாமல் தவித்தால் வழுக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சாக்கை விரியுங்கள்.

சூட்டைச் சரிசெய்த பிறகும் சாவு தொடர்ந்தால்தான் நோயைத் தேட வேண்டும். தொப்புள் ஆறாமல் ஈரமாக, வயிறு உப்பி, நாற்றமடித்தால் தொப்புள் அழற்சி. அழுக்கு முட்டையிலும் கழுவாத இன்குபேட்டரிலும் அதன் வேர் இருக்கிறது. சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூஞ்சணம் பிடித்த உமியைச் சந்தேகப்படுங்கள். பூஞ்சணத்தை ஆன்டிபயாட்டிக் தொடாது. வெள்ளையாகக் கழிந்து வரிசையாகச் சாகிறதென்றால் முட்டை வழியே வரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். செத்து அதிக நேரமாகாத குஞ்சைப் பையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் வாரத்தில் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசிச் சொட்டு மருந்து போடும்போதும் துவண்டதற்குப் போடாதீர்கள், தேறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.