வயல் நீர்க்குழாய்: போர்செட் இருந்தால் வைக்கலாம்

தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து வரும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும் என்று சொல்லிக் கூட்டத்தில் கொடுத்த குழாய் இது. மன்னார்குடி பக்கம் எங்கள் போர்செட் வயலிலும் வாய்க்கால் வயலிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு அடி நீளப் பிவிசி, கீழ்ப்பாதியில் துளைகள். பாதியைப் புதைத்து உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சலாம். இடையில் மண்ணுக்குள் காற்று போவதால் மீத்தேன் குறைகிறது. பூக்கும் சமயத்தில் காயவிடாதீர்கள்.

போர்செட் வயலில் அருமை. மண் வெடிப்பைப் பார்த்துப் பதறாமல் மோட்டாரை நிறுத்தி வைக்க முடிந்தது. களைதான் கொஞ்சம் கூடுதல்.

வாய்க்கால் வயலில் சுத்த வேஸ்ட். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வரும்போது தேக்காமல் விட்டால் அடுத்த முறை வரை பயிர் தாங்குமா? மேல்வயல்காரர் மடை திறந்தால் என் வயலும் தானாக நிறைகிறது. அப்புறம், விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் குறைவாக ஓடினால் எனக்கு என்ன மிச்சம்? மீத்தேனைக் குறைத்ததற்காகக் கொடுக்கும் கார்பன் வரவுப் பணம் வருமா என்று கூட்டம் நடத்தியவர்களிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பிவிசி துண்டில் துளை போட்டாலே போதும்.