பி. டி. ஜேம்ஸின் இரு நூல்கள்: நாட்குறிப்பா, நுட்ப நூலா?

துப்பறியும் நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் பி. டி. ஜேம்ஸின் அபுனைவு நூல்களுள் இரண்டு, எழுத்து வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு இன்றியமையாதவை. 1999இல் வெளிவந்த ‘டைம் டு பி இன் எர்னஸ்ட்’, தம் 77ஆம் பிறந்தநாளான 1997 ஆகஸ்ட் 3 தொடங்கி ஓராண்டு அவர் எழுதிய நாட்குறிப்பு. 2009இல் வந்த ‘டாக்கிங் அபவுட் டிடெக்டிவ் ஃபிக்‌ஷன்’, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, துப்பறியும் கதையின் வரலாறும் எழுத்து நுட்பமும் பற்றி எழுதப்பட்ட சிறுநூல்.

இரண்டாவது நூல் வில்கி காலின்ஸ், கானன் டாயில் தொடங்கி அகதா கிறிஸ்டி வரையிலான துப்பறியும் கதை மரபை விளக்குகிறது. அமெரிக்க எழுத்தாளர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் தந்திருக்கலாம். ஆனால் கதைக்களம் பற்றிய பகுதி அபாரம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியக் கடற்கரையில் மரப்படகுகளையும் காயும் வலைகளையும் பார்த்து நின்றவர், தெற்கே திரும்பியதும் சைஸ்வெல் அணுமின் நிலையத்தைக் கண்டு, அக்கணமே ஒரு நாவலுக்கான களம் கிடைத்துவிட்டதென உணர்ந்ததை அதில் விவரிக்கிறார். எழுதப் பழகுவோர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

நாட்குறிப்போ மனிதரையே காட்டுகிறது. தொடங்கிய மாதத்திலேயே இளவரசி டயானாவின் மரணம் குறுக்கிடுகிறது. பயணங்களுக்கும் உரைகளுக்கும் இடையே, போரிலிருந்து மனநலம் குன்றித் திரும்பிய கணவர், இரு மகள்கள், மருத்துவமனை நிர்வாக வேலை என்ற பழைய சுமைகள் நினைவில் எழுகின்றன. அச்சுமைகளுக்கிடையே, வேலைக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் எழுதியே 1962இல் முதல் நாவலை வெளியிட்டார் என்பதை அறிந்தபின் நுட்ப நூலின் ஒவ்வொரு கருத்துக்கும் கனம் கூடுவதால், நாட்குறிப்பையே முதலில் படிக்கப் பரிந்துரைப்பேன். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வைத் துப்பறியும் கதையாக வாசிக்கும் அவரது உரையும் நாட்குறிப்பின் பின்னிணைப்பில் உள்ளது.