சைரன் ஊதும் வரைக்கும் கோல்ஃப்

பெர்த்துக்குக் குடிபோய்ப் பதினோரு வருஷம். இந்தத் தடவை சிங்கப்பூர் ஈசூனில் அம்மா வீட்டுக்கு வந்தபோது மச்சானோடு ஒரு ரவுண்டாவது ஆடாமல் திரும்புவதில்லை என்று இருந்தேன். முன்பெல்லாம் மரினா பே கோல்ஃப் மைதானம்தான் எங்களுக்கு. உறுப்பினராக இல்லாதவனும் காசைக் கட்டிவிட்டு 18 குழியும் ஆடலாம், ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் ஆடலாம், ஆறு அடியில் பந்தைக் குழியில் போட வேண்டிய பார்-6 குழிகூட ஒன்று இருந்தது. 2024இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே 2016இல் ஜூரோங், 2018இல் ராஃபிள்ஸ், இரண்டு கிளப்பின் நிலமும் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்கென்று போனது. அந்த ரயில் திட்டத்தை 2021 பிறந்த அன்றைக்கே கைவிட்டாயிற்று!

சரி, மச்சான் ஒரு பெரிய ஹோட்டலோடு சேர்ந்த மைதானத்தில் இடம் பிடித்தார். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதல் குறை, நான் இடதுகைக்காரன். பதிவு செய்யும்போதே இடதுகை செட் வாடகைக்கு வேண்டும் என்று சொல்லி, சரி என்றும் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பையில் அத்தனையும் வலதுகை மட்டை. அரைமணி நேரம் தேடி ஏழு மட்டை கொண்டுவந்தார்கள், தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டை இல்லை. ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் கார்டு வேறு கேட்டார்கள். பெர்த்தில் எங்கள் கவுன்சில் மைதானத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, நல்லவேளை போனில் இருந்தது.

ஆனால் இடம் இருக்கிறதே, அப்பா! இருபக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், ஃபேர்வே என்கிற புல்தரை கம்பளம் மாதிரி, குளத்தோரம் ஓர் உடும்பு என் பந்தைத் தாண்டி அலட்சியமாக நடந்து போனது. ஐந்தாவது குழியில் தண்ணீருக்கு மேலே அடிக்க வேண்டும், மூன்று பந்து போயிற்று. முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், ஆட்களை அனுப்பிவைக்கும் பெரியவர் தமிழர். "எந்த ஊரு தம்பி?" என்றார், ஈசூன் என்றதும் எந்த புளோக் என்றார். ஹோட்டல் வரவேற்பில் கிடைத்த சிரிப்பையெல்லாம் விட அது எனக்குப் பிடித்தது.

பன்னிரண்டாவது குழியில் சைரன். இடிமழை வரும் நவம்பர் மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு யாராவது ஆட்டம் தொடங்க டீ டைம் எடுப்பானா? உள்ளூர்க்காரன் எடுக்க மாட்டான். பதினோரு வருஷத்தில் அதை மறந்திருக்கிறேன் பாருங்கள். மின்னல் எச்சரிக்கை என்றால் மட்டையைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், பேச்சே கிடையாது. ஒன்றரை மணி நேரம் குடிலில் உட்கார்ந்தோம், இருட்டிவிட்டது. ஒன்பது குழிக்கு மேல் ஆடிவிட்டதால் பணத்தில் எதுவும் திரும்பாது என்று கவுண்டரில் சொன்னார்கள். பதிவு செய்தபோது அந்த விதியை யாரும் சொல்லவில்லை.

பக்கி வண்டியிலிருந்து இறங்கும்போது மச்சான், "அடுத்த தடவை ஜோகூர் போவோம், பாதி காசு" என்றார். வார இறுதியில் மலேசியாவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டும் நேரத்துக்கு இங்கேயே 18 குழி முடித்துவிடலாம் என்றேன். மழை பெய்யாவிட்டால்.