கரிசலில் பைல் போடுகிறவர்கள் கவனத்துக்கு: குழியை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கயத்தாறு பக்கம் கரிசல் மனையில் வீடு கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் எங்கள் வீட்டுக்குப் பைல் போட்ட ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லவில்லை.

கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வழக்கம்போல வானம் தோண்டிக் கல் கட்டினால் சுவரும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதற்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழ் பைல், அதாவது குழி தோண்டி மண்ணுக்குள் வார்க்கும், அடிப்பக்கம் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண். ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேல்மண்ணைத் தாண்டி, பொதுவாக மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் குழி இறங்க வேண்டும். அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் வெட்டுவார்கள். மேல்மண் உப்பித் தூக்கும்போது பைலை இழுத்துப் பிடிப்பது அந்தக் குமிழ்தான்.

எங்கள் ஒப்பந்தத்தில் 12 அங்குல விட்டம், 13 அடி ஆழம், 30 அங்குலக் குமிழ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. “நம்ம வீடு மாதிரி பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி” என்றார். காலையில் குழி, மாலைக்குள் கான்கிரீட். வேலை முடிந்து திருநெல்வேலியிலிருந்து நான் போய்ச் சேரும்போது மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மட்டுமே தெரியும். குமிழ் வெட்ட, உள்ளே இறங்கியதும் கத்தி விரியும் தனிக் கருவி வேண்டும். அது மனைக்கு வரவே இல்லை என்று அடுத்த தோட்டக்காரர் பிறகு சொன்னார்.

ஐப்பசி மழையிலேயே ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. “பூச்சு விரிசல், பட்டி பார்த்தால் போய்விடும்” என்று பதில் வந்தது. பட்டியாம்! வேறொரு பொறியாளரை அழைத்து மூலைப் பைலை ஒட்டித் தோண்டினோம். ஆறடியில், கரிசலுக்குள்ளேயே பைல் முடிந்திருந்தது. குமிழே இல்லை. கெட்டியான சுக்கான்கல் அடுக்கு இன்னும் கீழே கிடந்தது. போதாக்குறைக்கு, பைல்களை இணைக்கும் பீமை மண்மேலேயே படுக்க வைத்திருந்தார்கள். இத்தகைய மண்ணில் பீமுக்கு அடியில் 80 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் உப்பும் மண் பீமையே நேராகத் தள்ளும். பணம் வாங்கியது என்னவோ 13 அடிக்குத்தான்.

கம்பிக் கூடு இறங்குவதற்கு முன் ஒவ்வொரு குழியிலும் எடை கட்டிய டேப்பை விட்டு அளந்து, படம் எடுத்து வையுங்கள். 12 அங்குலக் குழி 13 அடி இருந்தால் குமிழைச் சேர்க்காமலே ஏறத்தாழ 10 கன அடி கான்கிரீட் விழுங்கும். அதில் பாதியிலேயே குழி நிரம்பினால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

அந்த ஒப்பந்தக்காரர் இப்போது கங்கைகொண்டான் பக்கம் வேலை பிடிக்கிறார் என்று கேள்வி. ஆழத்தைப் பேசாமல் ‘ஒரு பைலுக்கு இவ்வளவு’ என்று மலிவாக விலை சொல்லி யார் வந்தாலும், முன்பணம் தருவதற்கு முன்னால் குமிழ் வெட்டும் கருவியைக் காட்டச் சொல்லுங்கள்.